முப்பது வருஷம் காத்திருந்து கிரீன் டே என்ற அமெரிக்க ராக் குழுவை நேரில் பார்த்தேன், முதல் அரை மணி நேரம் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறதா?

பழைய_கேசட்:

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 46 வயது, ஊர் சென்னை. 1995இல் பிளஸ் ஒன் படிக்கும்போது வகுப்பில் ஒருவன் கிரீன் டேயின் டூக்கி ஆல்பம் கேசட்டை ஒரு வாரத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை, கேசட் இப்போதும் என் அலமாரியில்தான் இருக்கிறது. மொத்தமே நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஆல்பம், ஸ்கூல் விட்டு வந்ததும் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு டியூஷனுக்கு ஓடலாம். பாதி வரிகள் எனக்குப் புரிந்ததே இல்லை. பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் மூக்கால் இழுத்துப் பாடுவதை என் காதில் விழுந்தபடி ஏதோ சத்தங்களாக்கிப் பாடிக்கொண்டிருந்தேன். பின்னாளில் இணையத்தில் சரியான வரிகளைப் படித்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது, என்னுடையதே தேவலை.

இவர்கள் இந்தியாவுக்கு வருவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. வந்தார்கள். 2025 மார்ச் 8, 9 தேதிகளில் மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் லொல்லபலூசா இசை விழா, அதில் ஞாயிறு இரவு கடைசி நிகழ்ச்சி இவர்களுடையது. இந்தியாவில் இதுதான் முதல் தடவை. மனைவியைக் கூப்பிட்டேன், "அந்த இரைச்சலை வீட்ல கேட்டதே போதும், நீங்க போயிட்டு வாங்க" என்றாள். தனியாகவே போனேன்.

மதியம் மூன்று மணிக்கே உள்ளே போனது முட்டாள்தனம். மார்ச் மாத மும்பை வெயில், புழுக்கம், உட்கார்ந்தால் இடம் போய்விடும் என்று நின்றுகொண்டே இருந்தேன். என்னைச் சுற்றிப் பாதிப் பேர் என் மகள் வயது. போதாததற்கு அன்றைக்குத்தான் துபாயில் சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டி, இந்தியாவும் நியூசிலாந்தும், ஆளாளுக்குக் கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதும் முனகுவதுமாக இருந்தார்கள்.

ஒருவழியாக அவர்கள் மேடைக்கு வந்தார்கள். அமெரிக்கன் இடியட் பாட்டில் ஆரம்பித்தார்கள், மொத்தக் கூட்டமும் குதிக்கிறது, நான் நிற்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது: யார் என்று தெரிகிறது, பேசத்தான் ஒன்றுமில்லை. அரை மணி நேரத்துக்கும் மேல் இப்படியே போனது. விமான டிக்கெட், லாட்ஜ் வாடகை எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன் என்றால் பாருங்கள்.

அப்புறம் டூக்கியில் வரும் பேஸ்கெட் கேஸ் பாட்டு வந்தது. நான் முடிவு எடுத்ததாக ஞாபகம் இல்லை, உடம்பு குதித்துவிட்டது, வாய் தானாக அந்தப் பழைய தப்பு வரிகளைப் பாடுகிறது, முழங்கால் வலி எங்கே போனது என்றே தெரியவில்லை. கடைசியாக பில்லி ஜோ கிடாரோடு நின்று குட் ரிடன்ஸ் பாடியபோது அழுதுவிட்டேன். எங்கள் காலேஜ் ஃபேர்வெல்லில் பாடிய பாட்டு அது, அன்று கூடப் பாடியவர்களில் ஒருவன் இப்போது இல்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற பையன் என் தோளைத் தட்டி "ஜீத் கயே அங்கிள்!" என்றான், ஜெயித்துவிட்டோமாம். நான் கிரிக்கெட்டுக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ரொம்பப் பிடித்த குழுவை ரொம்ப நாள் கழித்து நேரில் பார்க்கும்போது இப்படி மரத்துப்போவது வழக்கமா, இல்லை எனக்கு வயசாகிவிட்டதா? இன்னொன்று, மூன்று பேர் குழு என்று நினைத்துப் போனால் மேடையில் அதற்கு மேல் ஆள் இருந்தார்கள், அவர்கள் யார்? நிம்ராட் ஆல்பத்தில் வரும் ரிடண்டன்ட் பாட்டுக்காகக் காத்திருந்தேன், அது வரவே இல்லை. அடுத்து இந்த மாதிரி தொண்ணூறுகளின் குழு ஏதாவது வந்தால் போகலாமா, இல்லை கேசட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லதா?

—

எம்பி3_மணி:

அண்ணா, கோச்சுக்காதீங்க. உங்களுக்கு ஒன்றும் தோன்றாத அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அது எனக்கானது.

நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன், மேடைக்கு இடது பக்கம். நான் 1990இல் பிறந்தவன். டூக்கி வந்தபோது எனக்கு நான்கு வயது. 2004இல் அமெரிக்கன் இடியட் ஆல்பம் வந்தபோது ஒன்பதாம் வகுப்பு, பர்மா பஜாரில் எம்பி3 சிடி ஒன்று வாங்கினேன், நூறு பாட்டுக்கு மேல் இருந்தது, அதில் நடுவே பாதிப் பாட்டுகள் பெயர் கூட இல்லாமல் "டிராக் 07", "டிராக் 08" என்று கிடந்தன. ஹாலிடேயும் பூலவார்டும் எனக்கு ரொம்ப நாள் வரை டிராக் எண்கள்தான். ஜீசஸ் ஆஃப் சபர்பியா ஒன்பது நிமிடப் பாட்டு, ஐந்து பகுதியாக வரும், அதை முழுக்க மனப்பாடமாக ஒப்பிப்பேன், அதே காலத்தில் சமூக அறிவியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுத முடியாது.

அதனால் முதல் பாட்டில் மேடை வெடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். பேஸ்கெட் கேஸ் வந்தபோது, ஆமாம், பிடிக்கும், குதித்தேன். ஆனால் பக்கத்தில் உங்கள் வயதுக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டியதைப் பார்த்தபோது இவருக்கு என்ன ஆயிற்று என்றுதான் நினைத்தேன். இப்போது புரிகிறது. மரத்துப்போனதெல்லாம் இல்லை அண்ணா, உங்கள் பாட்டு வரும் வரை நீங்கள் வேறு யாருடைய கச்சேரியிலோ நின்றிருக்கிறீர்கள்.

—

மிக்ஸர்_மாமா:

பழைய கேசட் சாருக்கு ஒரு வணக்கம். ஒலி அமைப்பு வேலையில் இருபது வருஷமாக இருக்கிறேன், பெரும்பாலும் கல்லூரி விழா, கோயில் திருவிழா, எப்போதாவது பெரிய மேடை. மனசைப் பற்றி எனக்குத் தெரியாது, மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

குழு மூன்று பேர்தான்: பில்லி ஜோ, பேஸ் வாசிக்கும் மைக் டிர்ன்ட், டிரம்ஸில் ட்ரே கூல். மற்றவர்கள் சுற்றுப்பயணத்துக்கு மட்டும் சேர்ந்து வாசிப்பவர்கள். ஜேசன் ஒயிட் 1999இலிருந்து கிடாருக்கு வருகிறார், ஜேசன் ஃப்ரீஸ் கீபோர்டும் சாக்ஸபோனும், சில வருஷமாக கெவின் பிரெஸ்டன் இன்னொரு கிடார். டூக்கியை மூன்று பேர் அப்படியே மேடையில் வாசித்துவிடலாம், ரெக்கார்டிங்கே அப்படித்தான் இருக்கும். அமெரிக்கன் இடியட்டில் கிடார் மேல் கிடார் அடுக்கியிருக்கிறார்கள், பியானோ இருக்கிறது, பின்பாட்டு இருக்கிறது. அதை மூன்று பேரால் கொண்டுவர முடியாது.

ரிடண்டன்ட் ஏன் வரவில்லை என்றால், இந்த மாதிரி இசைத் திருவிழாவில் அது வராது சார். கடைசியாக ஏறும் குழுவுக்கே சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நம் நாட்டில் திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி இருக்கிறது, சில நாட்களுக்கு அரசு விலக்குத் தரலாம், ஆனால் ஏற்பாட்டாளர்கள் அந்தக் கணக்கை வைத்துத்தான் நேரம் போடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மைதானத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் வேறு யாருக்காகவோ வந்தவர்கள், அவர்களுக்கும் தெரிந்த பாட்டாக வேண்டும். விளக்கு, திரை, வாணவேடிக்கை எல்லாம் பாட்டு வரிசைக்குத் தகுந்தபடி முன்கூட்டியே அமைத்தது, நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. இவர்களுக்கு ஒரு சடங்கே உண்டு: வருவதற்கு முன்னால் குயீன் குழுவின் பொஹீமியன் ராப்சடி பாட்டை ஸ்பீக்கரில் போட்டுக் கூட்டத்தைப் பாட விடுவது, முயல் வேஷம் போட்ட ஒருவர் வந்து ஆடுவது, நடுவில் ரசிகர் யாரையாவது மேடைக்கு ஏற்றிப் பாட வைப்பது. வருஷக்கணக்காக இதே வரிசைதான். நம் ஊர்க் கரகாட்டத்திலும் எந்த நேரத்தில் எது வரும் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்காக யாரும் எழுந்து போவதில்லை.

2024இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனிக் கச்சேரிகளில் டூக்கியையும் அமெரிக்கன் இடியட்டையும் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார்கள், ஒன்றுக்கு 30 வருஷம், இன்னொன்றுக்கு 20 வருஷம் ஆனதற்காக. உங்களுக்குச் சரியான இடம் அதுதான்.

இன்னொரு விஷயம், இதைக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கே நின்றீர்கள்? ரேஸ் கோர்ஸ் மட்டமான தரை, சரிவு கிடையாது, நடுவில் நின்றால் முன்னால் இருப்பவர் தலைதான் தெரியும். அடுத்த தடவை மேடைக்கு நேர் எதிரே கூட்டத்துக்கு நடுவே ஒரு கூடாரம் மாதிரி இருக்கும் பாருங்கள், மிக்ஸிங் அங்கேதான் நடக்கும். அதன் முன்னாலோ பக்கத்திலோ நில்லுங்கள். மிக்ஸ் செய்பவர் தன் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதைத்தான் எல்லோருக்கும் அனுப்புகிறார், அவர் காதுக்குப் பக்கத்தில் உங்கள் காது இருக்கட்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் ட்ரே கூலின் குச்சி டிரம்மைத் தொடுவது ஒரு நேரம், சத்தம் வருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்து. அதற்காகத்தான் மைதானத்தின் பின்பாதியில் தனிக் கோபுரங்களில் ஸ்பீக்கர் வைத்து, அந்தத் தாமதத்தைக் கணக்குப் போட்டு ஒலியை விடுகிறோம். அப்படிச் செய்தாலும் பின்னால் நிற்பவருக்கு உடம்பில் அடிக்கும் அந்த அடி கிடைக்காது. மனசு மரத்துப்போனது பாதி அதனாலும் இருக்கலாம். காதில் செருகும் இயர்பிளக் கொண்டு போங்கள், மறக்காதீர்கள், என் ஒரு காது போனதே அலட்சியத்தால்தான்.

—

வேப்பங்காய்:

எல்லோரும் நெகிழ்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன். வேலை வெட்டி இல்லாமல் சோபாவில் கிடக்கும் பையனின் சலிப்பைப் பற்றி இருபது, இருபத்தொரு வயதில் எழுதிய பாட்டுகள் அவை. அன்று மும்பை மேடையில் பில்லி ஜோவுக்கு 53. கீழே நிற்பவருக்கு வீட்டுக் கடன் தவணை, சர்க்கரை மாத்திரை. இதில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள்? பழைய ஞாபகத்தைக் காசாக்குகிறார்கள், அவ்வளவுதான். முதல் அரை மணி நேரம் உங்களுக்குத் தோன்றியதுதான் நேர்மையான உணர்வு, அப்புறம் வந்தது கூட்டத்தோடு சேர்ந்த போதை. யூட்யூபில் 1994 நிகழ்ச்சிகள் கிடக்கின்றன, அதைப் பாருங்கள், வாடகை மிச்சம்.

—

ஹரோ_சிவா:

வேப்பங்காய்க்குப் பிறகு வருகிறேன், நான் லண்டன்காரன், எங்கட குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்து 1990இல் இங்கே வந்தது. என் காலத்துக் குழு பல்ப். பிரிட்டனுக்கு வெளியே பெரிதாகத் தெரியாது, இங்கே அவர்களுக்கென்று ஒரு பெரிய கூட்டமே இருக்கு.

1995இல் கிளாஸ்டன்பரி ரொக் விழாவில் சனிக்கிழமை இரவு பெரிய மேடையில் வர வேண்டியது ஸ்டோன் ரோஸஸ் என்ற குழு. அவர்களின் கிடார்க்காரர் ஜான் ஸ்கொயர் சைக்கிளில் மலை ஏறப் போய் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார், கடைசி நேரத்தில் பல்புக்கு அழைப்புப் போனது. அந்த மைதானத்தில் நின்ற பெரும்பாலான ஆட்கள் பல்பைப் பார்க்க டிக்கெட் எடுத்தவர்கள் இல்லை என்பதை மனசில் வையுங்கோ. ஒரு மணி நேரத்தில் பல்பின் பாடகர் ஜார்விஸ் காக்கர் எல்லோரையும் தன் பக்கம் இழுத்துப் போட்டார், கடைசிப் பாட்டு காமன் பீப்பிளை அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள். எனக்கு அப்போது 15 வயது, டிக்கெட்டுக்கு அப்பாவிடம் காசு கேட்கிற நிலைமை வீட்டில் இல்லை, டிவியில் பார்த்தேன். அம்மா இரண்டாவது வேலை முடித்து வந்து படுத்திருந்தா, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன்.

2025 ஜூனில் அதே கிளாஸ்டன்பரி, சரியாக முப்பது வருஷம். நிகழ்ச்சி நிரலில் சனிக்கிழமை பின்னேரம் 'பேட்ச்வொர்க்' என்று ஒரு பெயர், அப்படி ஒரு குழுவே கிடையாது. அது பல்ப்தான் என்று எல்லோரும் ஊகித்துவிட்டார்கள், நானும்தான், ஆனால் மேடையில் ஆட்கள் வரும் வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், ஆளுக்கு 373 பவுண் 50 பென்ஸ், அதற்கு மேல் பதிவுக் கட்டணம், டிக்கெட்டில் உங்கட படம் இருக்கும், வேறு ஆளுக்கு விற்க ஏலாது. சமர்செட்டில் பில்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணை அது, வேர்தி ஃபார்ம், ஐந்து நாளைக்கு இரண்டு லட்சம் சனம் கூடாரம் அடித்துக் கிடக்கும். அந்த வருஷம் நல்ல வெயில், சேறு இல்லை, கழிப்பிடத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

உங்களைப் போல எனக்கும் முதல் இரண்டு பாட்டுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஏன் என்று பிறகு யோசித்தேன். நான் மேடையைப் பார்க்கவில்லை, 'இதோ நான் பல்பைப் பார்க்கிறேன்' என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். காமன் பீப்பிள் வந்தபோது மகள் என்னைவிடப் பெரிய சத்தத்தில் பாடினா. அந்தப் பாட்டு அவவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன், "காரில நீங்கள்தானே ஆயிரம் தரம் போட்டனீங்கள்" என்றா.

போங்கோ அண்ணை, அடுத்ததுக்கும் போங்கோ. தனியாகப் போகாதேங்கோ.

—

கோவை_கிருத்திகா:

வேப்பங்காய் சொன்னதில் பாதி சரி. யூட்யூபில் 1994 கிடக்கிறது என்கிறாரே, அந்த 1994ஐயே எடுத்துக்கொள்வோம். லொல்லபலூசா அமெரிக்காவில் 1991இல் ஜேன்ஸ் அடிக்ஷன் குழுவின் பெர்ரி ஃபேரல் ஆரம்பித்தது, அப்போது ஊர் ஊராகப் போகும் சுற்றுப்பயணம். 1994 பயணத்தின் பின்பாதியில் கிரீன் டே இருந்தார்கள், எந்த இடத்தில் தெரியுமா? முதல் ஆளாக, உச்சி வெயிலில், கூட்டம் உள்ளே வந்து சேர்வதற்கு முன்னால். அதற்கு நடுவில்தான் ஆகஸ்டில் நியூயார்க் மாநிலம் சாகர்டீஸில் உட்ஸ்டாக் 94 இசை விழாவுக்குப் போய், மழையில் ஊறிய கூட்டம் சேற்றை அள்ளி எறிய, இவர்கள் திருப்பி எறிய, மேடை முழுக்கச் சேறு. மைக் டிர்ன்ட்டையும் ரசிகர் என்று நினைத்துக் காவலர் ஒருவர் பாய்ந்து அமுக்கியதில் அவர் பல் உடைந்தது. அதே லொல்லபலூசா பெயரில் 31 வருஷம் கழித்து மும்பையில் கடைசி ஆளாக ஏறுகிறார்கள். இதைக் காசு என்று மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை.

என் அனுபவம் பெங்களூர். மெட்டாலிக்கா, 2011 அக்டோபர் 30, பேலஸ் கிரவுண்ட்ஸ். எண்பதுகளின் குழுதான், ஆனால் எங்கள் ஹாஸ்டலுக்கு அவர்கள் வந்தது 1991 கறுப்பு ஆல்பம் வழியாகத்தான், அதனால் எனக்குத் தொண்ணூறுகள். அதற்கு இரண்டு நாள் முன்பு டெல்லிப் பக்கம் குர்கானில் நடக்க வேண்டியது நின்றுபோய்விட்டது, பெங்களூரும் நின்றுவிடுமோ என்று ரயிலில் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மழை பெய்து தரையெல்லாம் சேறு. நாங்கள் மூன்று பெண்கள், கூட்டத்தில் நிற்பது பற்றி வீட்டில் ஏகப்பட்ட உபதேசம். சுற்றி நின்ற பையன்கள், முழுக்கக் கறுப்புச் சட்டை, ஆளுயர முடி, பார்த்தால் பயமாக இருக்கும், தள்ளுமுள்ளு வந்ததும் எங்களைச் சுற்றிக் கைகோத்து வட்டமாக நின்றுகொண்டார்கள். யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் பாட்டு நடக்கும்போது ஒருவன் திரும்பிப் பார்த்து "அக்கா, தெரியுதா?" என்று தமிழில் கேட்டான். எங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறான்.

என் செருப்பு அந்தச் சேற்றோடு போயிற்று. ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

—

எம்பி3_மணி:

கிருத்திகா அக்கா, அந்தப் பையன் நானாக இருக்கலாம் என்று எழுத ஆசைதான், ஆனால் 2011இல் எனக்கு அரியர், வீட்டில் விடவில்லை.

—

சொல்லாய்வு:

குட் ரிடன்ஸ் பற்றி ஒரு சின்னத் தகவல். அதை எல்லாக் கல்லூரி ஃபேர்வெல்லிலும் உருகி உருகிப் பாடுகிறோம். பில்லி ஜோ அதை எழுதியது காதலி அவரை விட்டுவிட்டு ஈக்வடாருக்குப் போன கோபத்தில். தலைப்பை நம் வழக்கில் சொன்னால் 'விட்டது சனியன்'. டூக்கி ரெக்கார்டிங் செய்யும்போதே கையில் இருந்த பாட்டு, இந்த மென்மை அந்த ஆல்பத்தோடு ஒட்டாது என்று தள்ளிவைத்து 1997இல் நிம்ராடில்தான் சேர்த்தார்கள். ஆக, உங்கள் ஃபேர்வெல் மேடையில் பிரின்சிபாலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கண்ணில் நீரோடு, அத்தனை பேரும் சேர்ந்து விட்டது சனியன் என்று பாடியிருக்கிறீர்கள்.

—

பழைய_கேசட்:

சொல்லாய்வு, ஆபீஸில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன், பக்கத்து மேஜைக்காரர் என்ன என்று கேட்கிறார். எங்கள் பிரின்சிபாலுக்கு அது பொருத்தம்தான்.

எல்லோருக்கும் நன்றி. மணி தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அமெரிக்கன் இடியட்டை முதல் தடவையாக முழுக்கக் கேட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. 2004இல் எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்த சமயம், புதுப் பாட்டு எதுவும் காதில் ஏறாத வருஷங்கள். இந்தக் குழு அதோடு முடிந்துபோனது என்று நானாகவே முடிவு கட்டிவிட்டு, முடியாத பாதிக்கு நடுவே போய் நின்றிருக்கிறேன். அந்த ஒன்பது நிமிடப் பாட்டு நன்றாகவே இருக்கிறது. ஆனால் டூக்கி அளவுக்கு இல்லை, சண்டைக்கு வராதீர்கள்.

மிக்ஸர் மாமா, நான் நின்றது ரொம்பப் பின்னால், சாப்பாட்டுக் கடைகளுக்குப் பக்கம். கால் வலியில் அங்கே நகர்ந்துவிட்டேன். நீங்கள் சொன்ன தாமதம் சரிதான், திரையில் உதடு ஒரு மாதிரி, சத்தம் ஒரு மாதிரி, என் கண்ணாடிதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேப்பங்காய் ஐயா, கூட்டத்தோடு சேர்ந்த போதை என்றீர்கள், இருக்கலாம். ஆனால் அந்தத் தப்பு வரிகள் கூட்டத்திடமிருந்து வந்தவை இல்லையே, அவை எனக்கு மட்டும்தான் தெரியும்.

சிவா, அடுத்த தடவை மகளைக் கூட்டிப் போகிறேன், அவள் வருவாளா என்பது வேறு கதை. மும்பையிலிருந்து வந்ததும் கேசட்டை அவளிடம் காட்டினேன், "இதை எப்படிப் போடுவது?" என்றாள். போட்டுக் காட்டலாம் என்று பழைய டேப் ரெக்கார்டரை எடுத்தால், பொத்தானை அழுத்தினால் மோட்டார் சத்தம் வருகிறது, ரீல் மட்டும் சுற்ற மாட்டேன் என்கிறது. யாருக்காவது இதைப் பற்றித் தெரியுமா?

—

மிக்ஸர்_மாமா:

உள்ளே ரப்பர் பெல்ட் போயிருக்கும் சார். பழையது தார் மாதிரி உருகிப் புல்லியில் ஒட்டியிருக்கும், அதை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும், இல்லையென்றால் பாட்டு தள்ளாடும். ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள், பழைய பெல்ட்டின் சுற்றளவை நூல் வைத்து அளந்து, அந்த நூலையே கையோடு கொண்டு போங்கள். மாற்றும் வரைக்கும் கேசட்டை அதில் போடாதீர்கள், டேப்பைத் தின்றுவிடும்.

—

எம்பி3_மணி:

அப்படியே அந்த கேசட் நண்பரையும் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அண்ணா.

—

பழைய_கேசட்:

அதெல்லாம் முடியாது.